மூன்றாம் காலாண்டில் ஒரு முறிவு

5 பிப்ரவரி 1996, திங்கள். கிசுமு.

டாக்டர் ஓபியெரோ இன்று அவரே என் மேசைக்கு வந்தார். கையில் பழைய நீல அட்டை அறிக்கை.

"பெரெஸ், இதுக்கு ரெண்டாம் பதிப்பு போடப்போறோம். நைரோபியில கேக்கறாங்க. தொண்ணூத்தஞ்சு கடைசி வரைக்கும் புள்ளிவிவரத்தைச் சேத்து, அதே கணக்கைத் திரும்ப ஓட்டிக் குடுத்துருங்க. புதுசா ஒண்ணும் யோசிக்க வேண்டாம்."

யோசிக்க வேண்டாமாம்.

அவர் போனதும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஏழு வருஷமாகத் திறந்து திறந்து, புத்தகம் தானாகவே அங்கேதான் பிரிகிறது. 'நேர்த்தியாகத் தட்டச்சு செய்து உதவிய திருமதி பி. அகேயோவுக்கு நன்றி.'

ஏரியின் ஐந்து கரைகளிலும் மீன் இறங்கும் இடத்தில் தராசு வைக்கச் சொல்லி அலைந்தது நான். படிவம் வரைந்தது நான். எத்தனை படகு போகிறது, ஏரியில் நீர் எவ்வளவு நிற்கிறது, ஒரு படகுக்கு எவ்வளவு மீன் கிடைக்கிறது — இவற்றை ஒரு சமன்பாட்டில் சேர்த்து, பதினொரு தடவை மாற்றி எழுதி, பொருந்த வைத்துக் காட்டியதும் நான்தான். 1989 ஜூனில் அச்சாகி வந்தது. செப்டம்பரில் அவர் எங்கள் மீன்வள ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ஆனார்.

தட்டச்சும் செய்தேன். அதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

12 பிப்ரவரி, திங்கள்.

அவர் சொன்னபடி ஓட்டினேன். படகுகள் பத்து சதவீதம் கூடினால் ஒரு படகுக்குக் கிடைக்கும் மீன் மூன்று சதவீதம் குறையும் — இதுதான் முதல் பதிப்பின் முடிவு. அந்த மூன்றை வைத்துத்தான் அவர் எழுதினார்: 'இந்தக் கெழு ஏரியின் மாறாத இயல்பு.' எத்தனை மேடையில் சொன்னார் இந்த வாக்கியத்தை.

இன்று வந்தது ஆறு.

கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "தரவு கூடியிருக்கு, துல்லியமும் கூடியிருக்கு. நல்லதுதானே?"

மாறாத இயல்பு இரட்டிப்பாகியிருக்கிறது, அந்த மனிதருக்கு அது துல்லியம். தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் வரவில்லை. பிடி கிடைத்துவிட்டது.

13 பிப்ரவரி.

ஒரே கெழு 84 முதல் 95 வரை பன்னிரண்டு வருஷத்துக்கும் செல்லுமா? யாரும் சோதிக்கவே இல்லை. நான் சோதிக்கிறேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்.

மின்சாரம் மூன்று தடவை போனது. இருந்தாலும் முடித்துவிட்டேன்.

செய்வது எளிது. நாற்பத்தெட்டு காலாண்டுகளை நடுவில் வெட்ட வேண்டும். முதல் பாதிக்குத் தனியாக, இரண்டாம் பாதிக்குத் தனியாக, பிறகு மொத்தத்துக்கும் சேர்த்து சமன்பாட்டைப் பொருத்த வேண்டும். சேர்த்துப் பொருத்தும்போது மிஞ்சுகிற பிழை, தனித்தனியாக மிஞ்சுவதைவிட மிக அதிகமாக இருந்தால், இரண்டு காலத்துக்கும் ஒரே கெழு என்பது பொய். அட்டவணைப்படி அந்த விகிதம் 2.8-ஐத் தாண்டினாலே பொய்.

எனக்கு வந்தது 11.4.

வீட்டுக்குப் போகும் வழியில் மடாட்டு வேனில் என்னையறியாமல் சிரித்திருக்கிறேன் போல. பக்கத்திலிருந்த பெண் கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

22 பிப்ரவரி.

11.4. சாப்பிடும்போதும் அதுதான். என் கணவர் ஸப்லோன் உகாலிக் களியைப் பிட்டு வைத்துவிட்டு, "அந்த ஆளு ஏழு வருஷமா நம்ம வீட்டுச் சாப்பாட்டுல உக்காந்திருக்கான்டி. இன்னிக்கு என்ன, பல்லை வேற இளிக்கிறான்?" என்றார். ஸப்லோனிடம்கூடச் சொல்லவில்லை. இதை நான் மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன்.

28 பிப்ரவரி, புதன்.

பரிந்துரைப் பகுதியை அவர் எழுதிக் கொடுத்துவிட்டார், தட்டச்சு செய்ய. 'ஆறு' என்ற எண்ணின்படி ஏரியில் படகுகள் மிக அதிகம். ஆகவே நியாமரே உட்பட மூன்று கரைகளில் மூன்றில் ஒரு பங்கு உரிமங்களை ரத்து செய்யலாம். ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை நிலையத்தின் கூடத்தில் கூட்டம். நைரோபியிலிருந்து அதிகாரிகள், வெளிநாட்டு ஆலோசகர்கள், கரைக்கு இருவர் வீதம் பிரதிநிதிகள்.

எப்படித் தெரிந்ததோ, மதியமே துர்ஃபேனா வந்துவிட்டாள். நியாமரேயில் இரண்டு படகு வைத்திருப்பவள், புகைமீன் வியாபாரம். என்னோடு பள்ளியில் படித்தவள்.

"என்னடி பெரெஸ், உங்க ஆபீஸ்ல உக்காந்து என் படகைக் கரையேத்தப் போறீங்களாம்?"

"முடிவாகல துர்ஃபேனா."

"போன வாரம்தான் ஒரு படகுக்குப் பலகை மாத்தினேன். மீன் வருது. போன மாசத்தைவிட நல்லாவே வருது. எந்த மடையன் குறையுதுன்னு எழுதினான்?"

எந்த மடையன் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஆறு வாரம் பொறு துர்ஃபேனா.

5 மார்ச், செவ்வாய்.

இரண்டாவது சோதனை. எங்கே முறிந்தது என்று இது காட்டும். அதுவரை உள்ளதை வைத்து அடுத்த காலாண்டைக் கணிக்க வேண்டும். எவ்வளவு தவறுகிறோமோ அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கெழு மாறாமல் இருந்தால் தவறுகள் மேலும் கீழுமாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கூட்டுத்தொகை இரண்டு எல்லைக் கோடுகளுக்குள்ளேயே கிடக்கும்.

ஐந்து வருஷம் சாதுவாக நடுவில் போகிறது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்கிறது. 91-இல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. திரும்பி வரவே இல்லை.

சாயத் தொடங்கும் இடம்: 1989, மூன்றாம் காலாண்டு.

அறிக்கை அச்சாகி வந்ததற்கு அடுத்த காலாண்டு. மை காய்வதற்குள் பொய்யாகியிருக்கிறது அவருடைய மாறாத இயல்பு. இதைவிட அழகாக என்னாலேயே கற்பனை செய்திருக்க முடியாது.

6 மார்ச்.

கூட்டத்தில் சுவரில் படம் விழவைக்கும் ஒளித்தாள்களை மாற்றுவது நான்தான். ஒன்பதாவது தாளுக்குப் பிறகு என்னுடையதை வைப்பேன். சுவர் முழுக்க அந்தக் கோடு. ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பேன். அந்த முகம் போதும்.

11 மார்ச், திங்கள்.

யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று கரைகரையாகப் பிரித்து ஓட்டினேன். விசித்திரம். இரண்டு கரைகளில் முறிவே இல்லை. மூன்று கரைகளில் மட்டும். அதுவும் 89-க்குப் பிறகு, பத்து சதவீதம் படகு கூடினால் பத்து சதவீதம் மீன் குறைகிறது. மூன்றிலும் அச்சுப் பிசகாமல் அப்படியே.

ஏரி இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடாது. அப்படியென்றால் மொத்த மீன் மாறவே இல்லை என்று பொருள். படகு கூடக் கூட, அதே மொத்தத்தை இன்னும் அதிகப் பேருக்குப் பங்கு போட்டதுபோல.

யாரோ எண்ணில் கை வைத்திருக்கிறார்கள்.

அவர்தான். வேறு யார்? அப்படி மட்டும் இருந்துவிட்டால் — ஒளித்தாள் எதற்கு, காவல் நிலையத்துக்கே போகலாம்.

14 மார்ச், வியாழன்.

கிடங்கில் மூலப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நியாமரே. ஒரு நாள் சராசரி, 90 பிப்ரவரி: 2,316 கிலோ. மார்ச்: 2,316. ஏப்ரல்: 2,361. மே மாதம் மறுபடி 2,316. படகு எண்ணிக்கை மட்டும் உரிமப் பதிவேட்டில் உள்ளபடி ஏறிக்கொண்டே போகிறது.

டாக்டர் ஓபியெரோவின் கையெழுத்து இல்லை. கரைக் கணக்கர் ஓபுராவின் கையெழுத்து. மற்ற இரண்டு கரைகளின் தாள்களும் இப்படித்தான், அந்தந்தக் கணக்கரின் கையெழுத்தோடு.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

16 மார்ச், சனி.

நியாமரே போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஓபுரா வலைக் கொட்டகையில் வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முன்பெல்லாம் அப்படித்தான் எழுந்து நிற்பான்.

தராசு எங்கே என்றேன்.

"அது கொக்கி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு மேடம்."

"எத்தனை நாள்?"

"தொண்ணூறுலேயே."

படிவங்களை அவன் முன்னால் விரித்து வைத்தேன். மறுக்கவே இல்லை.

"ஆமா. வீட்டுல உக்காந்துதான் எழுதினேன்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

சாரல் படாமல் படிவங்களை உள்ளே தள்ளி வைத்தான். பிறகு சொன்னான், கோபமே இல்லாமல்.

"மேடம், முன்னாடி நீங்க மாசாமாசம் வருவீங்க. ஒரு கூடை எடை தப்பா இருந்தாக்கூட, வாடா போலாம்னு என்னையத் தராசுகிட்ட இழுத்துட்டுப் போவீங்க. உங்களத் திட்டாத நாளில்ல. அப்புறம் திடீர்னு வரல. மொத மாசம் ஒழுங்கா எழுதினேன். ரெண்டாவது மாசம் ஒரு தப்பு எழுதி அனுப்பினேன், கேப்பீங்கன்னு. வேணும்னேதான். யாரும் கேக்கல. சரி, அங்க யாருக்கும் இந்த நம்பர் வேணாம் போலன்னு விட்டுட்டேன்."

படிவங்களைச் சுருட்டிக்கொண்டேன். கடைசி மடாட்டு போய்விடும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

17 மார்ச், ஞாயிறு.

தேவாலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஏன் போகவில்லை நான், 89-இல்? தெரியாதா எனக்கு? நல்லாத் தெரியும். அந்த நன்றியைப் படிச்ச அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். தட்டச்சுக்காரின்னுதானே எழுதினே? சரி, தட்டச்சுக்காரி தட்டுவா. கரைக்குப் போகமாட்டா, மழையில நனையமாட்டா, எவன்கிட்டயும் சண்டை போடமாட்டா. வர்ற தாளை வர்றபடி அடிப்பா. அதுவும் ஒரு பழிதான்னு நினைச்சேன். யாருக்கும் தெரியாத பழி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ருசிச்சுக்கிட்டே இருந்தேன்.

2,316, 2,316. என் விரல்தானே அடிச்சது. ஆறு வருஷம். ஒரு தடவைகூடக் கண்ணுல படலையா? பட்டது. பட்டிருக்கும். பாக்கக்கூடாதுன்னு இருந்தேன்.

ஏரி மாறவில்லை. முறிந்தது நான். நாற்பத்தெட்டு புள்ளிகளில் எங்கே முறிந்தேன் என்று என் சோதனையே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

19 மார்ச்.

வேலைக்குப் போனேன். தட்டச்சு செய்தேன்.

26 மார்ச், செவ்வாய்.

அச்சுப்பொறியில் தாளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், முட்டாள். டாக்டர் ஓபியெரோ அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் என் கோடு.

அவர் முட்டாள் இல்லை. ஒரே பார்வையில் புரிந்துகொண்டிருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, முதல் தடவையாக, உட்காரச் சொன்னார்.

"நல்ல வேலை பெரெஸ். நிஜமாவே நல்ல வேலை. ஆனா இதை இப்ப வெளிய விட்டா எல்லாம் குழம்பிடும். புது வலை வந்திருக்கு, ஆகாயத்தாமரை வந்திருக்கு, ஏதோ ஒரு காரணம் இருக்கும். அடுத்த ஆய்வுல பாத்துக்கலாம்."

தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டாம் பதிப்புக்கு அட்டையில ரெண்டு பேர் போடலாம்னு இருக்கேன். ஓபியெரோ, அகேயோ. உங்களுக்கு வேணும்னா உங்க பேரை முதல்ல போட்டுக்கலாம். அகரவரிசைன்னு சொல்லிக்கலாம்."

எத்தனை வருஷம் இந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவர் வாயிலிருந்து, அதே நாற்காலியிலிருந்து. காரணம் என்ன என்று அவருக்குத் தெரியாது. நான்தான் காரணம் என்று தெரிந்தால் இந்த விலை கொடுக்கத் தேவையே இல்லை அவருக்கு. மிரட்டினாலே போதும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

27 மார்ச்.

அகேயோ, ஓபியெரோ. எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

30 மார்ச், சனி.

ஸப்லோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில்வேயில் இருபது வருஷம் சரக்குச் சீட்டு சரிபார்த்தவர்.

"வாயத் தொறந்தா அவனோட சேத்து நீயும் போவ."

"தெரியும்."

"தொறக்கலன்னா?"

"என் பேர் வரும். துர்ஃபேனாவோட ஒரு படகு போகும். மூணு கரையிலயும் சேத்து அம்பது படகு போகும்."

"உனக்கு எது வேணும்?"

எனக்குக் கூட்டத்தில் டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் வேண்டும், இப்போதும். படகுகளுக்காக என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இது என் நாட்குறிப்பு.

9 ஏப்ரல், செவ்வாய்.

கூட்டத்துக்கு அப்புறம் பதில் சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

12 ஏப்ரல், வெள்ளி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கூடத்தில் அறுபது பேர். நைரோபி அமைச்சகத்திலிருந்து நஃபூலா என்ற அம்மா வந்திருந்தார், ஒல்லியாக, பேனாவை மூடாமல். கரை ஆட்கள் பின்வரிசையில். துர்ஃபேனா நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தாள்.

ஒன்பதாவது தாள் வரை டாக்டர் சொன்னபடி மாற்றினேன். பிறகு என்னுடையதை வைத்தேன். பேசாமல் காத்திருப்பதாகத்தானே திட்டம். முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"இந்தக் கெழு மாறாததுன்னு சொல்லியிருக்கு. மாறியிருக்கு. எண்பத்தொன்பது மூணாவது காலாண்டுல."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துத்தான் போனது. இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடிக்காக ஏழு வருஷம்.

வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் கேட்டார், என்ன காரணம் என்று. இங்கே நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருந்தால் டாக்டர் விழுந்திருப்பார், நான் நின்றிருப்பேன். ஆனால் தெரியாது என்றால் ஏரியின் மேல் பழி போகும், உரிமம் எப்படியும் போகும்.

சொன்னேன். மூன்று கரைகளில் எடை போடாமல் எழுதிய எண்கள். 89 வரை மாதாமாதம் ஒருவர் போய்ச் சரிபார்த்தார், அதன் பிறகு போகவில்லை. வந்த தாள்களை அப்படியே கணினியில் ஏற்றியது நான். ஓபுராவின் பெயரைச் சொல்லவில்லை.

பின்வரிசையில் சலசலப்பு.

டாக்டர் ஓபியெரோ தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது முகம் பழையபடி ஆகிவிட்டது.

"அப்போ ஏரி மாறலை. நல்ல எண் இருந்த வரைக்கும் என் சமன்பாடு சரியாத்தான் இருந்திருக்கு. இதை நிரூபிச்சதுக்கு நான் திருமதி அகேயோவுக்கு நன்றி சொல்லணும்."

சிரிப்பு எழுந்தது. சிலர் கைதட்டினார்கள்.

அவர் சொன்னது தப்பும் இல்லை. அவரைக் குத்த எடுத்த கத்தியை, அவர் வாங்கிப் பழம் நறுக்கிக்கொண்டார்.

அப்போது அந்த நஃபூலா அம்மா தலை நிமிராமல் கேட்டார். "எண்பத்தொன்பது வரைக்கும் மாசாமாசம் போய்ச் சரிபாத்தது யாரு டாக்டர்? முதல் பதிப்புல பேரு இருக்கா?"

டாக்டர் தன் தாள்களைப் புரட்டினார்.

"உங்களத்தான் கேக்கறேன். நல்ல எண் குடுத்தவங்க யாரு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துச் சொன்னார். "திருமதி அகேயோ."

"சமன்பாடு?"

"அவங்களும் சேந்துதான்."

நஃபூலா எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை. "அப்ப நிறுத்தினதும் நீங்கதான்."

"ஆமா மேடம்."

உரிமம் ரத்து ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வருஷம் புதிதாக எடை போட்டு எண்கள் வந்த பிறகு பார்க்கலாம் என்று முடிவு.

வெளியே துர்ஃபேனா நின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

"ஆறு வருஷமா பாக்காம தட்டியிருக்கே."

"ஆமா."

"அந்த ஆளு மேல உனக்குக் கோவம்னா அந்த ஆளு வீட்டுக் கூரையில கல்லு விட்டிருக்கலாமேடி. என் படகு என்ன பண்ணிச்சு?"

போய்விட்டாள்.

22 ஏப்ரல், திங்கள்.

கடிதம் வந்தது. ஆய்வுப் பிரிவிலிருந்து நியாமரே கரைப் பணிக்கு மாற்றம், இரண்டு படி இறக்கம். கையெழுத்து: எஸ். ஓபியெரோ. 'கவனக்குறைவு' என்று ஒரே சொல் போட்டிருக்கிறார். கவனக்குறைவு இல்லை டாக்டர். கவனித்துத்தான் செய்தேன்.

இரண்டாம் பதிப்பு வராது என்கிறார்கள். அவர் நைரோபிக்குப் பெரிய பதவிக்குப் போவார் என்கிறார்கள், போகமாட்டார் என்றும் சொல்கிறார்கள். போகக்கூடாது. வேண்டிக்கொள்கிறேன், போகவே கூடாது.

2 மே, வியாழன்.

தராசுக்குக் கொக்கி மாற்றியாகிவிட்டது. ஓபுரா என்னோடு பேசுவதில்லை, ஆனால் கூடையைத் தூக்கிப் பிடிக்கிறான்.

20 மே, திங்கள்.

பொய் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது புரிகிறது. மழை, வழுக்கல், நாற்பது படகும் ஒரே நேரத்தில் கரையேறுகின்றன. முதுகு விட்டுப்போகிறது. மதியம் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பு காதில் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதிக் கூடைகளைப் போட்டேன்.

11 ஜூன், செவ்வாய். நியாமரே.

காற்று நன்றாக இருந்தது. 46 படகு போனது, 46-உம் திரும்பியது. ஓமேனாப் பொடிமீனே முக்கால்வாசி. கூடைக்கு நீர் வடிய நேரம் விட வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் எடை இரண்டு கிலோ ஏறிவிடுகிறது. ஓபுராதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னான். படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

துர்ஃபேனா தன் படகின் கூடைகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் வாயைத் திறந்தாள். "உங்க டாக்டரைப் பத்தி ஒரு சேதி தெரியுமா? இன்னிக்குக் காலைல டவுன்ல கேட்டேன்."

அவள் இரண்டாவது கூடை கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. முள் 28-க்கும் 29-க்கும் நடுவில். கொஞ்சம் இரு, இது நிக்கட்டும், அப்புறம் சொல்லு என்றேன்.

28.5. எழுதினேன். அதற்குள் அடுத்த படகு வந்துவிட்டது, அதற்கடுத்ததும். அவள் போய்விட்டாள் போல. கேட்க மறந்துவிட்டேன்.